ப்ராசஸைக் கொன்றாகிவிட்டது, 7070 போர்ட் மட்டும் விடவில்லை

துவாஸ்_இரவு · அதிகாலை 2:41

வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் ஒரு கிடங்கில் எனக்கு இரவுப் பணி. எங்களிடம் 22 கையடக்க ஸ்கேனர்கள் இருக்கின்றன. அவை வைஃபை வழியாக எங்கள் சர்வரின் 7070 போர்ட்டுக்கு, அதாவது அந்த எண்ணுள்ள நெட்வொர்க் வாசலுக்கு, வந்து பெட்டி எண்ணைச் சொல்லும். சர்வர் அதைப் பதிந்துகொள்ளும். லேபிள் அடிக்க வேண்டியிருந்தால் ஒரு பிள்ளை ப்ராசஸை, அதாவது தனியாக ஓடும் துணை நிரலை, உண்டாக்கும். அது லேபிள் பிரிண்டரின் 9100 போர்ட்டுக்குப் போய் அச்சடித்துவிட்டு, பிரிண்டர் பதில் சொன்னதும் முடிந்துவிடும். பைத்தான் 3.10, லினக்ஸ், மல்டிபிராசஸிங் நூலகம். அவ்வளவுதான்.

வாரத்தில் இரண்டு மூன்று இரவு சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் எழுந்திருக்க மறுக்கிறது. பிழை எண் 98, முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறதாம். பழைய ப்ராசஸுக்கு கில் கொடுத்து, அதன் எண் மறைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் புதியதைத் தொடங்குகிறேன். போர்ட்டை மறுபடி பிடிக்க உதவும் எஸ்ஓ_ரீயூஸ்அட்ர் அமைப்பையும் போட்டிருக்கிறேன். பத்து நிமிடம் காத்திருந்தும் பார்த்துவிட்டேன். கடைசியில் மெஷினையே ரீபூட் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்குள் வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கத் தொடங்கிவிடுகின்றன.

இன்னொன்றும் புரியவில்லை. சர்வர் ஓடாத அந்த நேரத்திலும் ஸ்கேனர்கள் "இணைந்தது" என்று பச்சை விளக்கு காட்டுகின்றன. எதனோடு இணைகின்றன?


செங்காங்_நிரலர் · காலை 7:15

டைம்_வெயிட் ஆக இருக்கும் தம்பி, மூடிய இணைப்பு சிறிது நேரம் நினைவில் வைக்கப்படும் நிலை அது. லினக்ஸில் அது 60 வினாடி. பிள்ளை ப்ராசஸ் மேல் சந்தேகப்பட வேண்டாம். பைத்தான் 3.4 முதல் சாக்கெட்டுகள், அதாவது நிரல் நெட்வொர்க்கோடு பேசும் முனைகள், பிள்ளைக்குப் போகாதபடிதான் உருவாகின்றன, 2014லேயே மாற்றிவிட்டார்கள். அவசரத்துக்கு எஸ்ஓ_ரீயூஸ்போர்ட் போட்டுவிடுங்கள். பிழை 98 வராது.


பொங்கோல்_அக்கா · காலை 7:52

தம்பி, தயவுசெய்து ரீயூஸ்போர்ட் போடாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில், இது டைம்_வெயிட் இல்லை. டைம்_வெயிட்டில் கிடக்கும் பழைய இணைப்புகளைத் தாண்டிப் போர்ட்டைப் பிடிக்கத்தான் ரீயூஸ்அட்ர் இருக்கிறது, அதை நீங்கள் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அதே முகவரியில் வேறொரு சாக்கெட் இன்னும் லிசன் நிலையில், அதாவது இணைப்புகளுக்குக் காது கொடுத்தபடி, இருந்தால் ரீயூஸ்அட்ரால் லினக்ஸில் ஒன்றும் செய்ய முடியாது. பத்து நிமிடம் ஆகியும் விடவில்லை என்றால் யாரோ உயிரோடு அதைப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்த முறை நடக்கும்போது ரீபூட் செய்யாதீர்கள். சூடோ போட்டு 'எஸ்எஸ் -எல்டிஎன்பி' ஓட்டுங்கள், எந்த ப்ராசஸ் எந்தப் போர்ட்டில் லிசன் செய்கிறது என்று காட்டும். 7070 வரியை அப்படியே இங்கே ஒட்டுங்கள். அதில் வரும் ப்ராசஸ் எண்ணுக்கு '/ப்ராக்' அடியில் 'எஃப்டி' கோப்புறையையும் பட்டியலிடுங்கள், அது திறந்து வைத்திருப்பவை அதில் தெரியும். பிரிண்டர் எந்த நிலையில் இருக்கிறது என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.


துவாஸ்_இரவு · மறுநாள், அதிகாலை 3:20

அக்கா, இன்று மாட்டிக்கொண்டது. வரி இதுதான்:

லிசன் 37 128 0.0.0.0:7070 பைத்தான்3 பிட்=4127 எஃப்டி=5

நான் கொன்றது 3980. இது 4127. ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் போட்டுப் பார்த்தால் 4127க்கும் அதே கட்டளை வரி, அதே கோப்புப் பெயர். அதனால்தான் இத்தனை நாளும் பழைய சர்வர் சாகாமல் மறுபடி எழுந்துவிடுகிறது என்று நினைத்திருந்தேன். அதன் தாய் எண் 1 என்று காட்டுகிறது.

எஃப்டி கோப்புறையில் 5 என்பதற்கு எதிரே சாக்கெட் 88213. அதற்குக் கீழே 7, 8, 11 என்று இன்னும் மூன்று சாக்கெட்டுகள். கடைசியாக 12, அது பிரிண்டரின் 9100க்குப் போகிறது.

பிரிண்டரில் லேபிள் சுருள் தீர்ந்திருந்தது. சிவப்பு விளக்கு. போன வாரம் நடந்த இரவிலும் சுருள் மாற்றியது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.


பொங்கோல்_அக்கா · காலை 8:05

விடை முழுவதும் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. நான் வரிசைப்படுத்தி மட்டும் சொல்கிறேன்.

4127 என்பது லேபிள் அடிக்கப் போன பிள்ளை. சுருள் தீர்ந்ததால் பிரிண்டர் பதில் சொல்லவில்லை, பிள்ளை அந்தப் பதிலுக்காக நேர வரம்பில்லாமல் காத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் 3980க்கு அனுப்பியது சிக்டெர்ம், முடிந்துகொள் என்ற சிக்னல். அது வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் கைப்பிடிப்பான் எதுவும் எழுதவில்லை என்றால் பைத்தான் அந்த இடத்திலேயே விழும். பிள்ளைகள் முடியட்டும் என்று காத்திருக்கும் வழக்கமான வெளியேறும் வேலைகள் எதுவும் நடக்காது. தாய் போனதும் பிள்ளையை எண் 1 தத்தெடுத்துக்கொண்டது. பிள்ளை கையில் லிசன் சாக்கெட்டின் பிரதி.

அந்த 37ஐப் பாருங்கள். லிசன் வரியில் முதல் எண், கைகுலுக்கல் முடிந்து, நிரல் உள்ளே எடுத்துக்கொள்ளும் அக்செப்ட்டுக்காக வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கை. அடுத்த 128 வரிசையின் கொள்ளளவு. இணைப்பைத் தொடங்கும் டிசிபி கைகுலுக்கலை முடிப்பது லினக்ஸின் மையமான கெர்னல். உங்கள் நிரல் அக்செப்ட் கூப்பிடும்வரை அது காத்திருப்பதில்லை. லிசன் சாக்கெட் உயிரோடு இருந்தால் போதும், ஸ்கேனருக்குப் பச்சை விளக்கு வந்துவிடும். உள்ளே எடுத்துப் பேச ஆள் இல்லை. ஸ்கேனர்கள் சலித்துப்போய் விட்டுவிட்டு மறுபடி மறுபடி முயன்றதில் 22 கருவிக்கு 37 இணைப்பு சேர்ந்திருக்கிறது. போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கண்காணிப்பு வைத்திருந்தால் அதுவும் எல்லாம் நலம் என்றுதான் சொல்லியிருக்கும்.

இப்போது ரீயூஸ்போர்ட்டுக்கு வருகிறேன். 2013இல் லினக்ஸ் 3.9இல் வந்தது அது. பல ப்ராசஸ்கள் தனித்தனிச் சாக்கெட்டோடு ஒரே போர்ட்டில் லிசன் செய்யலாம், வரும் இணைப்புகளைக் கெர்னல் அவற்றுக்குள் பங்கிடும். உங்கள் நிரலில் அது இருந்திருந்தால் நேற்று புதிய சர்வர் பிழையில்லாமல் எழுந்திருக்கும். அப்புறம் கெர்னல் பாதி ஸ்கேனர்களைப் புதிய சர்வருக்கும் மீதியை இந்த அனாதைச் சாக்கெட்டுக்கும் அனுப்பியிருக்கும். சில கருவி வேலை செய்யும், சில செய்யாது, எது எப்போது என்று சொல்ல முடியாது. பிழை 98 உங்களுக்கு நல்லதுதான் செய்தது.


செங்காங்_நிரலர் · காலை 9:30

நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கே தவறினேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். 3.4இல் மாற்றியது உண்மைதானே?


பழைய_யூனிக்ஸ் · காலை 10:10

உண்மைதான் தம்பி. அந்த மாற்றம் ப்ராசஸ் வேறொரு நிரலாக மாறும் எக்ஸெக்குக்குத்தான் பொருந்தும், ப்ராசஸ் தன்னையே பிரதி எடுக்கும் ஃபோர்க்குக்கு இல்லை. பலர் தடுக்கி விழும் இடம் இது, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபோர்க் செய்தால் தாயின் ஃபைல் டிஸ்க்ரிப்டர் அட்டவணை, அதாவது திறந்தவற்றுக்கான எண் பட்டியல், முழுவதும் பிள்ளைக்குப் பிரதியாகும். 5 என்றால் பிள்ளையிலும் 5. ஆனால் அட்டவணைதான் பிரதி. அது சுட்டுகிற பொருள் கெர்னலுக்குள் ஒன்றே ஒன்று. தாய் உயிரோடு இருக்கும்போது இரண்டின் எஃப்டி கோப்புறையையும் பார்த்தால் இரண்டிலும் அதே 88213 இருக்கும். அந்தப் பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கெர்னல் ஓர் எண்ணிக்கை வைத்திருக்கும். க்ளோஸ் என்பது அந்த எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கும், வேறொன்றும் செய்யாது. எண்ணிக்கை பூஜ்யமாகும்போதுதான் சாக்கெட் உண்மையில் மூடப்படும், எதிர்முனைக்கு இணைப்பு முடிந்தது என்ற ஃபின் போகும்.

க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் கொடி, பிள்ளை வேறொரு நிரலாக மாறும் அந்தக் கணத்தில்தான் வேலை செய்யும். பைத்தான் 3.4 அந்தக் கொடியைத்தான் எல்லாவற்றுக்கும் தானாகப் போடுகிறது. சப்ப்ராசஸ் நூலகத்தில் வெளி நிரலைக் கூப்பிட்டால் அது காப்பாற்றும். மல்டிபிராசஸிங்கில், 3.10இல், லினக்ஸில் இயல்பு முறை வெறும் ஃபோர்க். எக்ஸெக் நடப்பதே இல்லை. கொடிக்கு வேலையே வரவில்லை. பிஎஸ்ஸில் அதே கட்டளை வரி தெரிந்ததும் இதனால்தான்.

வீட்டுச் சாவி போல நினைத்துக்கொள்ளுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீடு ஒன்று, சாவி இரண்டு. நான் என் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பதால் வீடு காலியாகிவிடாது, இன்னொருவர் உள்ளே இருக்கிறார்.


செங்காங்_நிரலர் · காலை 10:48

தெளிவாகிவிட்டது, நன்றி ஐயா. சாவி உவமையில் ஒரு குறை மட்டும் எனக்குப் படுகிறது. சாவி வைத்திருப்பவர்கள் ஒருவர் வீட்டுக்குள் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் போகலாம். இங்கே பிள்ளை சாக்கெட்டைக் காத்திருக்காத முறைக்கு, அதாவது நான்பிளாக்கிங்குக்கு மாற்றினால், தாயிலும் அது மாறிவிடும் இல்லையா?


பழைய_யூனிக்ஸ் · காலை 11:02

மாறிவிடும், சரியாகப் பிடித்தீர்கள். நான்பிளாக் கொடி பொதுப் பொருளின் மேல் இருக்கிறது, க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் கொடி அவரவர் டிஸ்க்ரிப்டர் மேல் இருக்கிறது. உவமையை அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.


துவாஸ்_இரவு · மறுநாள், அதிகாலை 1:15

எல்லாருக்கும் நன்றி. ஒன்று முயன்றேன், பெரிய தவறாகிவிட்டது. பிள்ளை தொடங்கியதும் கையிலிருக்கும் எல்லாச் சாக்கெட்டுக்கும் ஷட்டவுன் கொடுத்து, பிறகு க்ளோஸ் செய்தேன். முதல் லேபிள் அடித்த நொடியில் மூன்று ஸ்கேனர்கள் ஒன்றாக அறுந்தன. சர்வர் புது இணைப்பு எடுப்பதையும் நிறுத்திவிட்டது. அந்த மூன்று பேரும் என் மேசைக்கே வந்துவிட்டார்கள். உடனே பழையபடி மாற்றிவிட்டேன்.


பழைய_யூனிக்ஸ் · காலை 6:40

க்ளோஸுக்கும் ஷட்டவுனுக்கும் உள்ள வேறுபாடே அதுதான். க்ளோஸ் உங்கள் பிடியை மட்டும் விடும். ஷட்டவுன் எண்ணிக்கையைப் பார்ப்பதே இல்லை, நேராக இணைப்பின் மேல் கை வைக்கும். பிள்ளையில் கொடுத்தாலும் தாயின் இணைப்பு போய்விடும். லிசன் சாக்கெட்டுக்குக் கொடுத்தால் லினக்ஸில் அது லிசன் செய்வதையே விட்டுவிடும். பிள்ளையில் க்ளோஸ் மட்டும் போதும்.

உரையாடல் உண்மையில் முடிந்தது, யார் பிடித்திருந்தாலும் எதிர்முனைக்கு இப்போதே தெரிய வேண்டும் என்றால் தாய் ஷட்டவுன் கொடுக்கலாம். அது சரியான இடம்.


துவாஸ்_இரவு · காலை 6:58

அந்த 7, 8, 11 என்ன என்று இப்போது புரிகிறது. ஃபோர்க் ஆன நேரத்தில் பேசிக்கொண்டிருந்த மற்ற ஸ்கேனர்களின் இணைப்புகள். சில ஸ்கேனர்கள் பதில் வந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று ஒரு புகார் உண்டு. பதிலுக்குப் பிறகு சர்வர் மூடினால்தான் அவை அடுத்த திரைக்குப் போகும். சர்வர் மூடியது, ஆனால் பிள்ளையிடம் பிரதி இருந்ததால் ஃபின் போகவே இல்லை. சரிதானே? ஆறு மாதமாக வைஃபையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கூரையில் இரண்டு ஆன்டெனா கூடுதலாக மாட்டினார்கள்.


பொங்கோல்_அக்கா · காலை 8:20

மிகச் சரி. இதை நீங்களாகவே கண்டுபிடித்ததில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

திருத்தத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த வழி, சாக்கெட் எதையும் திறக்கும் முன்பே அச்சடிக்கும் பிள்ளையைத் தொடங்கிவிடுவது. ஒரே ஒரு பிள்ளை, வரிசையிலிருந்து வேலை எடுத்து அச்சடித்துக்கொண்டே இருக்கட்டும். அது பிறக்கும்போது தாயிடம் சாக்கெட்டே இல்லை, அதனால் எடுத்துப் போகவும் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு லேபிளுக்கும் ஃபோர்க் செய்யும் செலவும் மிச்சம். ஆனால் அந்தப் பிள்ளை செத்து மறுபடி தொடங்க வேண்டி வந்தால் பழைய பிரச்சினை திரும்பும் என்பதை மறக்கக் கூடாது. அதனால் தொடக்க முறையையும் ஸ்பான் அல்லது ஃபோர்க்சர்வர் என்று மாற்றுங்கள். ஸ்பானில் பிள்ளை புது பைத்தானாகத் தொடங்கும், தேவையான டிஸ்க்ரிப்டர்கள் மட்டும் போகும். ஃபோர்க்சர்வரில் தனி உதவி ப்ராசஸ் ஒன்று பிள்ளையை உண்டாக்கும். பைத்தான் 3.14இலிருந்து லினக்ஸிலும் இயல்பு முறை ஃபோர்க்சர்வர்தான்.

பிரிண்டர் சாக்கெட்டுக்கு நேர வரம்பு கட்டாயம் வையுங்கள். சுருள் தீர்வது கிடங்கில் அன்றாடம் நடப்பது, அதற்காக ஒரு ப்ராசஸ் காலவரம்பில்லாமல் உட்கார்ந்திருக்கக் கூடாது.


செங்காங்_நிரலர் · காலை 9:05

லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சேவையாக ஓட்டினால் இந்தச் சிக்கலே வராதே? நிறுத்தும்போது இயல்பாகவே அந்தச் சேவையின் ப்ராசஸ் குழுவான சிகுரூப்பில் உள்ள எல்லா ப்ராசஸுக்கும் சிக்னல் போகும். பிள்ளையும் சேர்ந்து சாகும்.


பொங்கோல்_அக்கா · காலை 9:22

போர்ட் சிக்கல் தீரும், கட்டாயம் சிஸ்டம்டிக்கு மாற்றுங்கள். ஆனால் ஸ்கேனர் சுற்றுவது தீராது. அது ரீஸ்டார்ட்டின்போது நடப்பதில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே நடப்பது.


ஜூரோங்_டெவ் · காலை 11:40

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தள இணைப்பில் இதே மாதிரி ஒன்று. தாயில் இணைப்பைத் திறந்துவிட்டுப் பிறகு நான்கு பிள்ளைகளை ஃபோர்க் செய்கிறோம். பிள்ளை ஒன்று முடிந்து வெளியேறியதும் தாயின் இணைப்பு சில சமயம் அறுந்துவிடுகிறது. பிள்ளை க்ளோஸ் செய்வது எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவுதான் என்றால் இது ஏன்?


பழைய_யூனிக்ஸ் · பிற்பகல் 12:30

ஏனென்றால் அங்கே மூடுவது வெறும் க்ளோஸ் இல்லை. போஸ்ட்கிரெஸ் நூலகம் இணைப்பை முடிக்கும்போது முதலில் "நான் கிளம்புகிறேன்" என்று ஒரு செய்தியைச் சாக்கெட்டில் எழுதும், பிறகுதான் க்ளோஸ். அந்த எழுத்து பொதுவான ஒரே இணைப்பில் போகிறது. தரவுத்தளம் அதைப் படித்துவிட்டுத் தன் பக்கத்தை மூடிவிடும். அதற்குத் தாய் யார், பிள்ளை யார் என்றெல்லாம் தெரியாது.

அறுந்தது உங்கள் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். அறுபடாமல் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் வினவல் அனுப்பினால் பைட்டுகள் கலக்கும், ஒருவருக்கான விடையை மற்றவர் படிப்பார். டிஎல்எஸ் குறியாக்கம் இருந்தால் உடனே பிழை வந்துவிடும், இல்லாவிட்டால் அமைதியாகத் தவறு நடக்கும். ஒவ்வொரு பிள்ளையும் ஃபோர்க்குக்குப் பிறகு தன் இணைப்பைத் தானே திறக்க வேண்டும். பைத்தானின் தரவுத்தள நூலகமான எஸ்க்யூஎல்ஆல்கெமி பயன்படுத்தினால், பிள்ளையில் என்ஜினை டிஸ்போஸ் செய்யும்போது க்ளோஸ் மதிப்பைப் பொய் (ஃபால்ஸ்) என்று கொடுங்கள். பழைய இணைப்புகளைத் தொடாமல் மறந்துவிடும்.


பொங்கோல்_அக்கா · பிற்பகல் 1:15

சாப்பாட்டு நேரத்தில் ஒன்று சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இது என் இரண்டு வாரத்தைத் தின்றது. பல சாக்கெட்டுகளை ஒன்றாகக் கவனிக்கும் லினக்ஸ் வசதியான இபோல் பயன்படுத்துபவர்கள் கவனியுங்கள். இபோலில் பதிவாவது எண் மட்டும் இல்லை, எண்ணோடு அந்தப் பொதுப் பொருளும் சேர்ந்து. தாய் க்ளோஸ் செய்தாலும் பிள்ளையிடம் பிரதி இருந்தால் பொருள் உயிரோடு இருக்கும், இபோல் தாயை எழுப்பிக்கொண்டே இருக்கும். தாயிடம் அந்த எண் இல்லாததால் நீக்கவும் முடியாது. சிபியு 100 சதவீதத்தில் நிற்கும். க்ளோஸுக்கு முன்பே இபோலிலிருந்து நீக்கிவிட வேண்டும்.


செங்காங்_நிரலர் · பிற்பகல் 2:00

இவ்வளவு தொல்லை என்றால் சாக்கெட்டைப் பிள்ளைக்குக் கொடுக்காமலே இருப்பதுதானே முறை? ஃபோர்க்கை வடிவமைத்தவர்கள் ஏன் இப்படி விட்டார்கள்?


பழைய_யூனிக்ஸ் · பிற்பகல் 3:35

கொடுப்பதற்காகவேதான் விட்டார்கள். சாக்கெட் 1983இல் 4.2பிஎஸ்டியோடு பரவியபோது அதையும் சாதாரண டிஸ்க்ரிப்டராகவே வைத்தார்கள். ஐநெட்டி என்ற பழைய சேவை அதன் மேல்தான் நின்றது. அது இணைப்பை ஏற்று, ஃபோர்க் செய்து, சாக்கெட்டை 0, 1, 2 என்ற எண்களில் வைத்து, வேறொரு நிரலை எக்ஸெக் செய்யும். அந்த நிரலுக்கு நெட்வொர்க்கே தெரிய வேண்டாம். உள்ளீட்டைப் படித்து வெளியீட்டில் எழுதினால் போதும். என் முதல் சர்வரை அப்படித்தான் எழுதினேன், முப்பது வரி இருக்கும்.

இன்றைக்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்கு யூஎஸ்ஆர்2 சிக்னல் கொடுத்தால் பழைய ப்ராசஸின் லிசன் சாக்கெட்டுகளைப் புதிய நிரல் அப்படியே பெற்றுக்கொள்ளும். ஓர் இணைப்பைக்கூட மறுக்காமல் பதிப்பு மாற்றலாம். சிஸ்டம்டி தானே போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, 3ஆம் எண்ணிலிருந்து உங்கள் சேவைக்குக் கொடுக்கும். உங்கள் சேவை விழுந்து எழும் நேரத்தில் வருகிறவர்கள் வரிசையில் காத்திருப்பார்கள். தம்பியின் கிடங்கில் தொல்லையாக வந்த அதே 37, அங்கே அடுத்த நொடி எழும் சர்வருக்காகக் காத்திருக்கும் 37 ஆகிவிடும். எந்தப் பிள்ளையிடம் எதைக் கொடுக்கிறோம் என்பதைத் தாயை எழுதுகிறவர் தீர்மானித்து எழுத வேண்டும், எழுதாவிட்டால் எல்லாம் போய்விடும்.


துவாஸ்_இரவு · இரண்டு நாள் கழித்து, அதிகாலை 4:05

மாற்றி எழுதி ஓட்டிவிட்டேன். அச்சடிக்கும் பிள்ளை ஒன்றே ஒன்று, சாக்கெட் திறக்கும் முன்பே ஸ்பான் முறையில் தொடங்குகிறது. பிரிண்டருக்கு 20 வினாடி வரம்பு. சிஸ்டம்டி சேவையாகவும் மாற்றிவிட்டேன்.

சோதிக்க வேண்டும் என்று 3:30 மணி இடைவேளையில், எல்லாரும் கோப்பி குடிக்கப் போன நேரத்தில், லேபிள் சுருளை நானே கழற்றி வைத்துவிட்டு ஒரு பெட்டியை ஸ்கேன் செய்தேன். சிவப்பு விளக்கு. பிள்ளை காத்திருக்கும்போதே எஃப்டி கோப்புறையைப் பார்த்தேன். நெட்வொர்க் சாக்கெட் என்று பிரிண்டருடையது ஒன்றுதான். அப்புறம் ரீஸ்டார்ட். எழுந்துவிட்டது. 7070க்கு ஒரே வரி, புதிய எண், முதல் இடத்தில் 0.

சிஸ்டம்டியே சாக்கெட்டைத் திறந்து கொடுக்கும் முறைக்கு மாற ஆசையாக இருக்கிறது ஐயா. பைத்தானில் 3ஆம் எண்ணை வாங்கி அதிலிருந்து சாக்கெட் பொருள் எப்படி உண்டாக்குவது என்று நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். சுருளை மறுபடி மாட்டிவிட்டேன்.


பழைய_யூனிக்ஸ் · காலை 6:30

சாக்கெட் வகுப்புக்கு ஃபைல்னோ மதிப்பாக 3 கொடுங்கள், 3.7 முதல் குடும்பத்தையும் வகையையும் அதுவே கண்டுகொள்ளும். பைண்டும் லிசனும் நீங்கள் கூப்பிட வேண்டாம், நேராக அக்செப்ட். லிசன்_பிட் என்ற சூழல் மாறியில் இருப்பது உங்கள் ப்ராசஸ் எண்தானா என்று மட்டும் முதலில் சரிபார்த்துவிடுங்கள்.